ட்ரையத்லன் சைக்கிளா, ரோட் சைக்கிளா? நிறையும் வேகமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் விலை கூடிய சைக்கிள் ஒன்றை எங்கே நிறுத்தினாலும், பார்க்க வருபவர் முதலில் செய்வது அதன் மேற்குழாயைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பதுதான். இலேசாக எழும்பினால் “நல்ல சாமான்” என்பார். சற்றுப் பாரமாக இருந்தால் முகம் மாறும். வெள்ளவத்தையிலிருந்து அதிகாலையில் மரைன் டிரைவ் வழியாக ஓடும் எங்கள் சிறு வட்டத்திலும், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் ட்ரையத்லன் போட்டிக்குப் புதிதாகப் பயிற்சி எடுக்க வருபவர்களின் கேள்விகள் பெரும்பாலும் இந்தத் தூக்கிப் பார்த்தலில் இருந்தே தொடங்குகின்றன. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை ஓரிடத்தில் எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியதால் இந்தப் பக்கம்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. ‘பைக்’ என்றால் எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிள். ‘ட்ரை சைக்கிள்’ என்றாலோ குழந்தைகளின் மூன்று சில்லு வண்டி நினைவுக்கு வரும். ஆகவே ‘ரோட் சைக்கிள்’, ‘ட்ரையத்லன் சைக்கிள்’ என்று முழுமையாகவே எழுதுகிறேன்.

கேள்வி: இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தானே இருக்கின்றன? அடிப்படை வேறுபாடு என்ன?

ரோட் சைக்கிளில் கைகள் வளைந்த ஹாண்டிலைப் பிடிக்கின்றன. பிரேக்கும் கியரும் விரலுக்கு எட்டும் அதே இடத்தில் இருக்கின்றன. ட்ரையத்லன் சைக்கிளில் முழங்கைகள் இரண்டு சிறு மெத்தைகளின் மீது ஊன்றியிருக்க, முன்கைகள் முன்னோக்கி நீளும் இரண்டு குழாய்களின் மீது படிந்திருக்கும். அந்தக் குழாய்களைத்தான் ஏரோ பார் என்கிறோம். கியர் மாற்றும் பொத்தான்கள் அவற்றின் நுனியில் இருக்கும். பிரேக்குகளோ வெளிப்பக்கமாக உள்ள அகன்ற ஹாண்டிலில் இருக்கும். அதாவது நீங்கள் வேகமாக ஓடும் நிலையில் உங்கள் விரல்கள் பிரேக்கில் இல்லை. வாங்குவதற்கு முன் இதை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வேறுபாடு கண்ணுக்கு எளிதில் தெரியாதது. சீட்டைத் தாங்கும் குழாய் ரோட் சைக்கிளில் ஏறத்தாழ 72 முதல் 74 பாகை சாய்வில் இருக்கும். ட்ரையத்லன் சைக்கிளில் அது 76 முதல் 80 பாகை வரை நிமிர்ந்திருக்கும். இதனால் ஓட்டுபவரின் இடுப்பு பெடலுக்கு நேர் மேலாக, முன்னோக்கி வருகிறது. முதுகைத் தாழ்த்திக் குனியும்போது தொடை வயிற்றில் முட்டாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடு வேண்டும். ரோட் சைக்கிளில் அமர்ந்தபடி அதே அளவுக்குக் குனிந்து பாருங்கள். சில நிமிடங்களிலேயே மூச்சு முட்டும். இந்த வடிவத்தை ட்ரையத்லனுக்கென்றே முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் குயின்டானா ரூ நிறுவனம். அது 1980களின் கடைசியில் நடந்தது.

கேள்வி: எது பாரம் குறைந்தது?

ரோட் சைக்கிள்தான். ஒத்த விலையில் ஒத்த தரத்தில் எடுத்துப் பார்த்தால், காபன் ஃபிரேம் கொண்ட நல்ல ரோட் சைக்கிள் 7 முதல் 8 கிலோ வரையும், அலுமினியத்தில் செய்தது 9 கிலோ அளவிலும் இருக்கும். ட்ரையத்லன் சைக்கிள் பெரும்பாலும் 8.5 முதல் 10 கிலோ வரை வரும். காற்றைக் கிழிப்பதற்காகக் குழாய்களைத் தட்டையாகவும் அகலமாகவும் வார்க்கும்போது கூடுதலான காபன் தேவைப்படுகிறது. இரட்டை ஹாண்டில், முழங்கை மெத்தைகள், ஆழமான றிம் கொண்ட சில்லுகள், உணவும் தண்ணீரும் வைக்கும் பெட்டிகள் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு நூறு, இருநூறு கிராம் சேர்க்கின்றன.

உலகச் சைக்கிளோட்டச் சங்கமான யுசிஐ, தன் போட்டிகளில் ஓடும் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று 2000ஆம் ஆண்டில் விதித்தது. அயன்மேன் போன்ற நீண்டதூர ட்ரையத்லன் போட்டிகள், ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டாமல் தனித்தனியே ஓடும் தனியோட்டங்கள்; அவற்றை அந்த விதி கட்டுப்படுத்துவதில்லை. அப்படியிருந்தும் அந்தப் போட்டிகளுக்கான சைக்கிள்களை 6.8 கிலோவுக்குக் கீழே இறக்க எந்த நிறுவனமும் முண்டியடிக்கவில்லை. நிறையைக் குறைப்பதால் அங்கே பெரிய இலாபம் இல்லை என்பதை அவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

கேள்வி: பாரம் கூடியது எப்படி வேகமாக ஓடும்? இது கணக்குக்கு ஒத்துவரவில்லையே?

கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். சமதரையில் சைக்கிள் ஓட்டும்போது உங்களைப் பின்னுக்கு இழுப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று டயர் வீதியில் உருளும்போது உண்டாகும் தடை, மற்றது வளித்தடை. உருளல் தடை உங்கள் மொத்த நிறைக்கு ஏற்ப அமையும். வளித்தடைக்கோ நிறையைப் பற்றிய கவலையே இல்லை. அது உங்கள் முன்பக்கத்தின் பரப்பையும் வடிவத்தையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. அதை வெல்வதற்குத் தேவையான வலு வேகத்தின் மூன்றாம் அடுக்கோடு ஏறுகிறது. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் சந்தைக்குப் போகும்போது இது பெரிதாகத் தெரியாது. மணிக்கு 36 கிலோமீற்றரில் உங்கள் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்கை வளியே தின்றுவிடுகிறது.

ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில், நல்ல டயரோடு, உருளல் தடைக்குச் சுமார் 40 வாட் போகும். ரோட் சைக்கிளில் ஓரளவு குனிந்து ஓட்டும் ஒருவருக்கு வளித்தடைக்காக மேலும் 185 வாட் அளவில் வேண்டும். அதே மனிதர் ட்ரையத்லன் சைக்கிளில் முழங்கையூன்றி, தலையைத் தோள்களுக்கிடையே தாழ்த்தி ஓட்டினால் அந்த 185 வாட் 140 வாட்டுக்குக் கிட்ட இறங்கிவிடும். சைக்கிள் ஒரு கிலோ பாரம் கூடியதாக இருப்பதால் உருளல் தடையில் கூடும் செலவு எவ்வளவு தெரியுமா? அரை வாட். நாற்பத்தைந்து வாட்டை ஒரு தட்டிலும் அரை வாட்டை மறு தட்டிலும் வைத்துப் பாருங்கள்.

நேரமாக மாற்றினால் இன்னும் தெளிவாகும். 200 வாட் வலுவை விடாமல் கொடுக்கக்கூடிய ஒருவர், 90 கிலோமீற்றர் சமதரையை ரோட் சைக்கிளில் ஏறத்தாழ 2 மணி 36 நிமிடத்திலும், நன்றாகப் பொருத்தப்பட்ட ட்ரையத்லன் சைக்கிளில் 2 மணி 23 நிமிடத்திலும் கடப்பார் என்று என் கணக்கு சொல்கிறது. பதின்மூன்று நிமிடம். ஒரு கிலோ நிறை அந்த 90 கிலோமீற்றரில் தின்னும் நேரம் பத்துச் செக்கனுக்கும் குறைவு. தண்ணீர்ப் போத்தலை ஒருமுறை தவறவிட்டு எடுத்தால் அதைவிடக் கூட நேரம் போகும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தப் பதின்மூன்று நிமிடத்தில் பெரும்பகுதியைத் தருவது சைக்கிளின் ஃபிரேம் அல்ல, அதன் மீதிருக்கும் உடம்பு எடுக்கும் நிலை. மொத்த வளித்தடையில் முக்கால் பங்கு அளவு ஓட்டுபவரின் உடம்பினால் வருவது. பல இலட்சம் கொடுத்து ட்ரையத்லன் சைக்கிளை வாங்கி, முதுகு வலிக்கிறது என்று பாதி வழியில் நிமிர்ந்து அமர்ந்துவிட்டால், நீங்கள் வாங்கியது பாரம் கூடிய, பிரேக் எட்டாத ஒரு ரோட் சைக்கிள் மட்டுமே.

கேள்வி: இது வெறும் ஏட்டுக்கணக்கு இல்லையா? உண்மையான போட்டியில் யாராவது காட்டியிருக்கிறார்களா?

1989 டூர் டி பிரான்ஸ் போட்டியின் கடைசி நாள். வெர்சாய் நகரிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீற்றர் தனியோட்டம். பிரான்ஸின் லோரான் ஃபினியோன் 50 செக்கன் முன்னிலையில் இருந்தார். அமெரிக்கரான கிரெக் லெமொண்ட், அதுவரை பெரும்பாலும் ட்ரையத்லன்காரர்களே பாவித்துவந்த ஏரோ பாரைத் தன் சைக்கிளில் பூட்டிக்கொண்டு வந்தார்; ஃபினியோன் ஏரோ பாரும் தலைக்கவசமும் இல்லாமல், குதிரைவாலாகக் கட்டிய கூந்தல் காற்றில் ஆட ஓடினார். லெமொண்ட் அந்த ஓட்டத்தில் 58 செக்கன் வேகமாக வந்து, மூன்று கிழமைப் போட்டியை மொத்தம் 8 செக்கனால் வென்றார். அந்த 58 செக்கனும் ஏரோ பாரால் மட்டுமே வந்தது என்று சொல்வது ஃபினியோனுக்கு நியாயமில்லை. அவர் அன்று உடல்நோவோடும் ஓடினார். ஆனால் ஹாண்டிலில் கூடுதலாகப் பூட்டிய அந்தச் சில நூறு கிராம் பாரம் லெமொண்டைத் தாமதப்படுத்தவில்லை என்பது மட்டும் உறுதி. அன்று ட்ரையத்லன்காரர்களைப் பார்த்துச் சிரித்த ரோட் சைக்கிள் உலகம், பின்னர் தனியோட்டங்களில் அவர்களைத்தான் பின்பற்றியது.

கேள்வி: சமதரை சரி. கண்டி வீதியிலோ நுவரெலியா பக்கமோ போனால்?

அங்கேதான் நிறை தன் வேலையைக் காட்டும். 6 சதவீத ஏற்றம் 10 கிலோமீற்றருக்குத் தொடர்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு சொன்ன, சைக்கிளோடு சேர்த்து 80 கிலோ வரும் ஆள், அதே 200 வாட்டில், அதை 44 நிமிடத்துக்குச் சற்று மேலாக எடுத்து ஏறுவார். சைக்கிள் 1.5 கிலோ கூடினால் இன்னும் 45 செக்கன் ஆகும். வேகம் மணிக்கு 13 கிலோமீற்றர் அளவில் இருப்பதால் வளித்தடை அங்கே சிறிய விடயமாகிவிடுகிறது. பெரும்பாலானோர் அந்த ஏற்றத்தில் ஏரோ பாரில் படுத்துக்கொண்டு மிதிப்பதும் இல்லை.

எந்த இடத்தில் தராசு சாய்கிறது என்று பலர் கேட்பதுண்டு. மேலே சொன்ன எண்களை வைத்துப் பார்த்தால், ஏற்றம் ஏறத்தாழ 5 சதவீதத்தைத் தாண்டும் இடத்தில்தான் பாரம் குறைந்த சைக்கிள் வெல்லத் தொடங்குகிறது. வலு கூடிய ஓட்டுநர்களுக்கு அந்த எல்லை இன்னும் சற்று மேலே போகும். கடுகண்ணாவையிலும் றம்பொடையிலும் ஏறுபவர்களுக்கு ரோட் சைக்கிள்தான் ஏற்றது என்று நான் தயங்காமல் சொல்வேன். ஏறும் வேகத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. றம்பொடையிலிருந்து கீழே இறங்கும் வளைவுகளில், எதிரே பஸ் வரும்போது, விரல் எப்போதும் பிரேக்கில் இருக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். ஏறியதை எல்லாம் இறங்கியாக வேண்டும்.

ஆனால் கொழும்பில் வசிக்கும் நம்மில் எத்தனை பேர் மலையில் போட்டியிடுகிறோம்? நீர்கொழும்புக்குப் போனாலும், புத்தளம் வீதியில் நீண்டதூரம் ஓடினாலும், தெற்கே காலி வீதியைப் பிடித்தாலும் தரை சமதரைதான். 2018இல் கொழும்பில் முதன்முதலாக நடந்த அயன்மேன் 70.3 (முழு அயன்மேனின் பாதித் தூரம்) போட்டியின் 90 கிலோமீற்றர் சைக்கிள் பகுதியும் சமதரையிலேயே நடந்தது. மலைக்காகச் சைக்கிள் வாங்கி, மரைன் டிரைவில் ஓட்டுபவர்களே இங்கு அதிகம்.

கேள்வி: சில்லில் உள்ள பாரம் இரண்டு மடங்காகக் கணக்கிடப்படும் என்கிறார்களே?

வேகம் எடுக்கும் கணத்தில் மட்டும் அதில் உண்மை உண்டு. றிம்மின் விளிம்பில் உள்ள நிறை முன்னே நகர வேண்டும், சுழலவும் வேண்டும். ஆகவே அதை வேகப்படுத்த ஏறத்தாழ இரு மடங்கு சக்தி வேண்டும். ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓடும் ட்ரையத்லனில் அதற்கு மதிப்பில்லை. ஏற்றத்திலும் சில்லின் ஒரு கிலோவும் ஃபிரேமின் ஒரு கிலோவும் ஒன்றுதான்.

கேள்வி: கொழும்பின் வெக்கையும் புழுக்கமும் இந்த ஒப்பீட்டை மாற்றுமா?

இரண்டு விதத்தில் மாற்றும். ஒன்று நமக்குச் சாதகமானது: சூடான வளி அடர்த்தி குறைந்தது. 15 பாகை செல்சியஸில் ஒரு கனமீற்றர் வளி 1.225 கிலோ இருக்கும். 30 பாகையில், நம் ஊர் ஈரப்பதனோடு, அது 1.15 கிலோ அளவுக்கு இறங்கும். வளித்தடையில் ஆறு சதவீதம் இலவசமாகக் குறைகிறது. மேலே கொடுத்த எண்களைக் கொழும்பு வளிக்கே போட்டிருக்கிறேன்.

மற்றது, அந்த இலவசத்தைத் திருப்பி வாங்கிவிடும் வேர்வை. நம் ஊர் வெயிலில் இரண்டரை மணி நேரம் ஓட்டுபவர் மணிக்கு ஒரு லீற்றர் வரை குடிக்க வேண்டியிருக்கும். நிரப்பிய 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று முக்கால் கிலோவுக்கு மேல். இரண்டு போத்தல், உணவு, மாற்று டியூப், திருத்தும் சிறு கருவிகள் என்று ஏற்றியபின், கடையில் 8 கிலோவாக இருந்த சைக்கிள் தொடக்கக் கோட்டில் 10 கிலோவைத் தாண்டியிருக்கும். இதைத் தெரிந்துகொண்டபின், 150 கிராம் குறைந்த சீட்டுத்தண்டுக்காக ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுப்பது பற்றி நீங்களே யோசியுங்கள். ட்ரையத்லன் சைக்கிள்களில் முன்கைகளுக்கிடையே போத்தல் வைத்து, குழாய் வழியாகக் குடிக்கும் ஏற்பாடு இருப்பது இந்த இடத்தில் மெய்யான நன்மை. நிலையைக் குலைக்காமல் குடிக்கலாம் என்பதால் உண்மையில் குடிப்பீர்கள்.

கேள்வி: கடற்காற்றில் ஆழமான றிம் உள்ள சில்லுகளை ஓட்டலாமா?

என் முதல் ட்ரையத்லன் சைக்கிளை இரண்டாம் கையாக வாங்கியபோது அதில் 80 மில்லிமீற்றர் ஆழமான றிம் முன்னும் பின்னும் இருந்தது. பார்க்க விமானம் போல இருக்கும். ஒரு ஜூன் மாதக் காலையில், சோளகம் வீசிக்கொண்டிருந்தபோது, மரைன் டிரைவில் கடல் பக்கமிருந்து வந்த குறுக்குக் காற்றுக்குச் சற்றுச் சாய்ந்தபடி ஏரோ பாரில் ஓடிக்கொண்டிருந்தேன். எனக்கும் கடலுக்கும் இடையே கரையோரப் புகையிரதம் ஒன்று வந்தது. காற்று திடீரென்று நின்றது. நான் கடல் பக்கமாக இழுபட்டேன். நேராக்கிக்கொள்வதற்குள் கடைசிப் பெட்டி கடந்துபோக, நின்ற காற்று முழு வேகத்தில் திரும்பி வந்து முன்சில்லை அடித்தது. விழுந்தேன். நல்ல காலம், பின்னால் வாகனம் இல்லை. முழங்கையிலும் இடுப்பிலும் தோல் போனதோடு முடிந்தது.

முன்சில்லில்தான் ஆபத்து, ஏனெனில் திசை திருப்புவது அதுதான். 40 அல்லது 50 மில்லிமீற்றருக்கு மேல் முன்னால் போடாதீர்கள். உடல் நிறை குறைந்தவர்கள் இன்னும் குறைத்துக்கொள்ளலாம். பின்சில்லு ஆழமாக இருந்தால் பெரிய தொந்தரவு இல்லை. ஹவாயில் கோனா நகரில் நடக்கும் அயன்மேன் உலகப் போட்டியில், அங்கு வீசும் காற்று காரணமாக, முழுவதும் மூடிய தட்டுச் சில்லைப் பின்னாலும் போட விடுவதில்லை. ஏரோ பாரில் இருக்கும்போது முழங்கைகளால்தான் திருப்ப வேண்டும். உடல் பாரமும் முன்சில்லில் கூடுதலாக இறங்கியிருக்கும். ஆகவே ரோட் சைக்கிளில் சமாளிக்கக்கூடிய காற்று இதில் சமாளிக்க முடியாததாக இருக்கலாம்.

கேள்வி: ரோட் சைக்கிளில் ஏரோ பாரைப் பூட்டிக்கொண்டால் போதாதா?

கொழும்பில் ட்ரையத்லன் தொடங்கும் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குப் போதும் என்பது என் கருத்து. கழற்றிப் பூட்டும் ஏரோ பார் ஒன்று அரைக் கிலோவுக்குள் இருக்கும். சரியாகப் பொருத்தினால் ட்ரையத்லன் சைக்கிள் தரும் இலாபத்தில் பாதிக்கும் மேல் கிடைக்கும். முன்பு சொன்ன 90 கிலோமீற்றர் கணக்கில் அது ஏழு, எட்டு நிமிடம்.

பொருத்துவதில்தான் பலர் தவறுகிறார்கள். ஹாண்டிலில் பூட்டி, உடனே ஏறிப் படுத்துப் பார்த்து, “எட்டவில்லை, கழுத்து வலிக்கிறது” என்று கழற்றிவிடுகிறார்கள். ரோட் சைக்கிளின் சீட்டு பின்தள்ளி இருப்பதால், ஏரோ பாரைப் பிடிக்க உடம்பை இழுத்து நீட்ட வேண்டியிருக்கிறது, இடுப்பும் மடங்கிவிடுகிறது. சீட்டை அதன் தண்டவாளத்தில் இயன்றளவு முன்னுக்குத் தள்ளி, முன்னுக்குத் தள்ளிய அளவுக்கு ஏற்பச் சிறிது உயர்த்தி, ஹாண்டிலைத் தாங்கும் கட்டையைத் தேவைப்பட்டால் குட்டையாக்க வேண்டும். மூக்கு வெட்டிய சீட்டு இந்த நிலையில் பெரும் நிம்மதி. முழங்கை மெத்தைகளைத் தொடக்கத்தில் உயரமாகவே வைத்து, இரண்டு மூன்று மாதத்தில் சிறிது சிறிதாகத் தாழ்த்துங்கள். மிகத் தாழ்ந்த நிலையை இருபது நிமிடம் பிடிப்பதைவிடச் சற்று உயர்ந்த நிலையை இரண்டு மணி நேரம் பிடிப்பதே வேகம்.

இவ்வளவு மாற்றியபின் அந்தச் சைக்கிள் மலையேற்றத்துக்கும் குழு ஓட்டத்துக்கும் முன்போல நன்றாக இராது என்பதையும் மறைக்கக்கூடாது. இரண்டு படகில் கால் வைப்பதற்கு ஒரு விலை உண்டு.

கேள்வி: ட்ரையத்லன் சைக்கிளில் ஓடினால் அடுத்து வரும் ஓட்டத்துக்குக் கால்கள் புதிதாக இருக்கும் என்பது மெய்யா?

விற்பவர்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. இடுப்புக் கோணம் திறந்திருப்பதால், இறங்கி ஓடத் தொடங்கும் முதல் சில நிமிடங்களில் உடம்பு நிமிர்வது எளிதாக இருப்பதை நானும் உணர்ந்திருக்கிறேன். ஆனால் கால்களைக் காப்பாற்றும் பெரிய காரணம் வேறு: ஒரே வேகத்தைக் குறைந்த வாட்டில் ஓடினால் 21 கிலோமீற்றர் ஓட்டத்துக்கு மிச்சம் இருக்கும். மிச்சத்தை எல்லாம் சைக்கிளிலேயே வேகமாக்கிச் செலவழித்தால் எந்தச் சைக்கிளும் காப்பாற்றாது.

கேள்வி: எங்கள் குழு ஓட்டத்துக்கு ட்ரையத்லன் சைக்கிளைக் கொண்டுவரலாமா? போட்டி விதிகள் என்ன சொல்கின்றன?

கொண்டுவரலாம், ஆனால் குழுவுக்குள் ஏரோ பாரில் படுக்கக்கூடாது. ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓடும்போது, பின்னால் வருபவருக்கு வளித்தடை கால் பங்குக்கு மேல் குறைகிறது. முன்னால் போகிறவர் குழியைக் கண்டு பிரேக் பிடித்தால், முழங்கையை எடுத்து, கையை வெளியே கொண்டுபோய், பிரேக்கைத் தொடுவதற்குள் நீங்கள் அவருடைய பின்சில்லில் ஏறியிருப்பீர்கள். எங்கள் வட்டத்தில் இதற்கு விதிவிலக்கு இல்லை.

விதிகளைப் பொறுத்தவரை ட்ரையத்லன் இரண்டு வகைப்படும். ஒலிம்பிக்கில் 2000ஆம் ஆண்டு சிட்னியிலிருந்து நடைபெறும் வகையில், 1.5 கிலோமீற்றர் நீச்சல், 40 கிலோமீற்றர் சைக்கிள், 10 கிலோமீற்றர் ஓட்டம். அதில் ஒட்டி ஓடலாம், ஆகவே வளைந்த ஹாண்டில் உள்ள ரோட் சைக்கிள் மட்டுமே அனுமதிக்கப்படும். அயன்மேன் வகையில் ஒட்டி ஓடக்கூடாது. முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் இடையே 12 மீற்றர் விட வேண்டும். ட்ரையத்லன் சைக்கிள் பிறந்ததே இந்தத் தனிமைக்காகத்தான். நீங்கள் எந்தப் போட்டிக்குப் பெயர் கொடுக்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். ஒட்டி ஓட அனுமதிக்கும் ஒலிம்பிக் முறைப் போட்டிக்கு ட்ரையத்லன் சைக்கிளோடு போய் நின்றால் தொடக்கக் கோட்டுக்கே விடமாட்டார்கள்.

கேள்வி: காசு ஒரு சைக்கிளுக்குத்தான் இருக்கிறது. எதை வாங்குவது?

ரோட் சைக்கிள். கொழும்பு நகருக்குள் ட்ரையத்லன் சைக்கிளை அதன் இயல்பான நிலையில் ஓட்டக்கூடிய வீதியும் நேரமும் மிகக் குறைவு. அதிகாலை ஐந்து மணிக்கும் முச்சக்கரவண்டி சந்தியில் முன்னறிவிப்பில்லாமல் திரும்பும். நாய் குறுக்கே ஓடும். பஸ் இடப்பக்கமாக ஒதுங்கும். நாளாந்தப் பயிற்சியில் பத்தில் எட்டு மணி நேரம் விரலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டிய ஊரில், எஞ்சிய இரண்டு மணி நேரத்துக்கான சைக்கிளை வாங்குவது சரியில்லை. நான் அதைத்தான் செய்தேன். ஒன்றரை வருடத்தில் விற்றுவிட்டு ரோட் சைக்கிளும் ஏரோ பாருமாக மாறினேன்.

காசு மிஞ்சினால் அதை நிறையில் போடாதீர்கள். நல்ல டயர் ஒரு சோடி, மலிவான டயரோடு ஒப்பிடும்போது பத்து வாட்டுக்கு மேல் மிச்சப்படுத்தும். நம் வீதிகளுக்கு 28 மில்லிமீற்றர் அகலம் எடுத்து, காற்றைக் கல்லுப்போல அடிக்காமல் ஓட்டினால் வேகமும் கூடும், இடுப்பும் தப்பும். அடுத்தது உடம்போடு ஒட்டிய உடுப்பும் காற்றுக்கேற்ற தலைக்கவசமும். படபடக்கும் தளர்ந்த மேற்சட்டையோடு காபன் சைக்கிள் ஓட்டுபவர்களைக் காணும்போது எனக்குச் சொல்லவும் முடிவதில்லை, சொல்லாமல் இருக்கவும் முடிவதில்லை. இவையெல்லாம் செய்து, இரண்டு மூன்று போட்டியும் முடித்து, சமதரைத் தனியோட்டமே உங்கள் வழி என்று உறுதியானபின் ட்ரையத்லன் சைக்கிளைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: இரண்டாம் கையாக ஒரு ட்ரையத்லன் சைக்கிள் வருகிறது, விலையும் நன்றாக இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

தூக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஹாண்டிலைச் சுற்றியிருக்கும் துணியைக் கழற்றிப் பாருங்கள். ஏரோ நிலையில் ஓட்டுபவரின் நெற்றி வேர்வை நேரே ஹாண்டிலின் நடுவிலும், அதைத் தாங்கும் கட்டையின் ஆணிகளிலும், முன்தண்டின் குண்டுப் போதிகையிலும் (பெயாரிங்) சொட்டிக்கொண்டே இருக்கும். அலுமினிய ஹாண்டிலாக இருந்தால் துணிக்கு அடியில் வெண்பொடி பூத்து, குழாய் அரித்துப்போயிருக்கலாம். அப்படிப்பட்ட ஹாண்டில் ஓடும்போது முறியும். என் சைக்கிளைத் திருத்தித்தந்த வயதான ஒருவர், இறுகிப்போன ஆணி ஒன்றோடு அரை மணி நேரம் போராடிவிட்டுச் சொன்னார்: “தம்பி, கடற்காற்று இதுக்கு ஒண்டும் செய்யேல்ல. உங்கட வேர்வைதான் தின்டிருக்கு.” அன்றிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் முன்பகுதியை நல்ல தண்ணீரால் துடைத்துவிடுகிறேன்.

பின்பிரேக் எங்கே இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். பழைய வகைகள் பலவற்றில் அது பெடல் அச்சுக்குக் கீழே, மழைத்தண்ணீரும் மணலும் சேரும் இடத்தில் ஒளிந்திருக்கும், சரிசெய்வது பெரும்பாடு. சீட்டுத்தண்டும் ஹாண்டிலும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவமாக இருந்தால், உடைந்த பாகம் ஒன்றுக்காகக் கடல் கடந்து எழுதிக் காத்திருக்க வேண்டிவரும். 25 மில்லிமீற்றருக்கு மேல் டயர் உள்ளே போகுமா என்று அளந்து கொள்ளுங்கள். காபன் ஃபிரேமில் சீட்டுத்தண்டு இறுக்கும் இடத்தையும் பெடல் அச்சைச் சுற்றியும் நல்ல வெளிச்சத்தில் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் கோடு ஏதாவது இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், கடைசியாக ஏரோ பாரில் படுத்துப் பத்து நிமிடம் அசையாமல் இருந்து பாருங்கள். சுவரில் சாய்த்துவைத்தே அந்தப் பத்து நிமிடம் கழுத்து தாங்கவில்லை என்றால், அந்த அளவு உங்களுக்குரியதல்ல.